ஆங்கிலக் கவுண்டிகளின் பழைய நிலப்படங்கள்: குறியீடுகளும் அவற்றைப் படிக்கும் முறையும்

தோற்றுவாய்

பழைய நிலப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் இருவகைப் பிழைக்கு ஆளாதல் உண்டு. படத்தில் உள்ளன யாவும் அக்காலத்து நிலத்தில் இருந்தன எனக் கொள்வது ஒன்று. படத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை எனத் துணிவது மற்றொன்று. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் எழுத்தின் வடிவமும், எழுதினோன் வழக்கமும், படியெடுக்கப்பெற்ற வரலாறும் அறிந்த பின்னரே பாடம் துணிவர். நிலப்படமும் அங்ஙனம் படிக்கப்பெற வேண்டிய பனுவலே ஆகும். இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்தின் பழைய கவுண்டிப் படங்கள் மிகவும் ஏற்றவை. அவற்றின் காலமும், வரைந்தோர் பெயரும், தகடுகளின் வரலாறும் பெரும்பாலும் தெளிவாக அறியப்பட்டுள்ளன. ஆதலின் அவற்றின் உறுப்புகளையும் குறியீடுகளையும் விளக்கி, அவற்றைச் சான்றாகக் கொள்ளும் முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

கவுண்டி என்பது இங்கிலாந்தின் தொன்மையான ஆட்சிப் பிரிவு. பழைய கணக்கின்படி இங்கிலாந்தில் 39 கவுண்டிகளும் வேல்சில் 13 கவுண்டிகளும் இருந்தன. இவை அனைத்தையும் முதன்முதல் அளந்து படமாக்கிய பெருமை யார்க்‌ஷயரைச் சேர்ந்த கிறிஸ்டபர் சாக்ஸ்டனுக்கு உரியது. அவர்தம் கவுண்டிப் படங்கள் 1574 முதல் 1578 வரையிலான ஆண்டுகளைத் தாங்கியுள்ளன. அவை 1579இல் நாட்டின் பொதுப்படம் ஒன்றுடன் சேர்த்து ஒரு தொகுதியாக்கப்பெற்றன. சிறிய கவுண்டிகள் சிலவற்றை ஒரே தகட்டில் அடக்கியமையால் கவுண்டிப் படங்களின் தொகை 34 ஆயிற்று.

இப்பணி தனி ஒருவரின் ஆர்வத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. அரசவை அலுவலரான தாமஸ் செக்ஃபோர்டு பொருளுதவி செய்தார். முதலாம் எலிசபெத்தின் தலைமை அமைச்சரான பர்லி பிரபு, அச்சாகி வந்த படங்களை உடனுக்குடன் பெற்றுத் தம் ஆட்சிப் பணிக்குப் பயன்படுத்தினார். 1576இல் அரசியின் ஆலோசனைக் குழு வேல்சின் நீதி அலுவலர்களுக்கு ஒரு மடல் விடுத்தது. சுற்றுப்புறத்தைக் காணத்தக்க கோபுரம், கோட்டை, குன்று ஆகிய உயர்ந்த இடங்களுக்குச் சாக்ஸ்டனை அழைத்துச் செல்லவும், அந்நிலத்தை நன்கறிந்த இரண்டு மூன்று நல்லோரை அவருடன் அனுப்பவும் அம்மடல் பணித்தது. படத்தின் மூலம் உயர்ந்த இடத்தினின்று கண்ட காட்சியும் உள்ளூரார் வாய்மொழியும் என்பது இதனால் விளங்கும்.

அடுத்து வந்தவர்களுள் ஜான் நார்டனும் ஜான் ஸ்பீடும் தலைசிறந்தவர்கள். நார்டன் 1593இல் வெளியிட்ட மிடில்செக்ஸ் படத்தில் சாலைகளைக் காட்டினார். குறியீடுகளுக்கு விளக்கப் பட்டியலும் தந்தார். தையற்றொழில் செய்துவந்த ஸ்பீடு 1611-12இல் வெளியிட்ட பெருந்தொகுதியின் தகடுகள் ஆம்ஸ்டர்டாமில் யோடோக்கஸ் ஹோண்டியஸ் என்பவரால் செதுக்கப்பெற்றன. ஸ்பீடு புதிதாக நாடு முழுவதும் அளந்தாரல்லர். சாக்ஸ்டன், நார்டன் முதலியோர் படங்களையே பெரிதும் தழுவினார். நகரங்களின் சிறுபடங்களைச் சேர்த்ததும், கவுண்டியின் உட்பிரிவுகளை எல்லையிட்டுக் காட்டியதும் அவர்தம் தொகுதியின் சிறப்பு. நகரங்கள் பலவற்றை அவரே அடியளந்து வரைந்தார். அதனால்தான் அச்சிறுபடங்களின் அளவுகோல் மைலால் அன்றி அடிவைப்பால் அமைந்துள்ளது.

அணி உறுப்புகள்

இப்படங்களைக் காண்போர் கண்ணை முதலில் ஈர்ப்பவை அணிகளே. தலைப்பைச் சூழ்ந்துள்ள அணிச்சட்டம், அரச சின்னம், பெருமக்களின் குலச்சின்னங்கள், திசைகாட்டி மலர், கடலிற் செல்லும் கப்பல்கள், நீரினின்று தலைதூக்கும் பெருவிலங்குகள் ஆகியன அவை. அளவுகோலின்மேல் விரிந்து நிற்கும் கவராயம் அளவையின் செம்மையைப் பறைசாற்றுவது. கடற்பரப்பைப் புள்ளிகளால் நிரப்புவது பழைய வழக்கு. நீரலைபோன்ற வரிகளாலும், பின்னர்க் கரையோரத்து இணைகோடுகளாலும் காட்டியதும் உண்டு.

இவற்றை வெற்று ஒப்பனை எனத் தள்ளுதல் கூடாது. சாக்ஸ்டன் படங்களில் அரசியின் சின்னமும் செக்ஃபோர்டின் சின்னமும் ஒருங்கே நிற்பது, அப்பணியை ஆணையிட்டவர் யார், பொருள் தந்தவர் யார் என்பதைக் காட்டும் உரிமைச் சாசனமாகும். ஸ்பீடின் லங்காஷயர் படத்தின் ஓரங்களில் லங்காஸ்டர், யார்க் ஆகிய இரு மரபின் மன்னர் உருவங்கள் உள்ளன. லெஸ்டர்ஷயர் படத்தில் 1485இல் நிகழ்ந்த பாஸ்வர்த் போர் இடம்பெறுகிறது. கேம்பிரிட்ஜ்ஷயர் படத்தில் அங்கி அணிந்த புலவர்களும் கல்லூரிச் சின்னங்களும் காணப்பெறுகின்றன. வில்ட்ஷயர் படத்தில் ஸ்டோன்ஹெஞ்சு என்னும் தொல் கல்வட்டம் தனியே வரையப்பெற்றுள்ளது. நிலத்தின் பரப்பைக் காட்டும் ஏட்டிலேயே அந்நிலத்தின் வரலாற்றையும் எழுதிவிடும் முயற்சி இது. எனவே இவ்வணிகள் தாம் சித்திரிக்கும் நிகழ்ச்சிக்குச் சான்றாவதைவிட, வரைந்த காலத்தார் தம் பழமையை எவ்வாறு எண்ணினர் என்பதற்கே சிறந்த சான்றாகும்.

நிலக் குறியீடுகள்

குன்றுகள் எறும்புப் புற்றுப் போன்ற சிறு மேடுகளாக, பக்கவாட்டுத் தோற்றத்தில் வரையப்பெற்றன. ஒளி இடப்பக்கத்தினின்று வருவதாகக் கொண்டு வலப்பக்கத்தை நிழலாக்குவது பெருவழக்கு. இம்மேடுகள் உயரத்தை அளந்து காட்டுவன அல்ல. ஈண்டு மேட்டுநிலம் உண்டு என்ற அளவிற்கே பொருள் தருவன. காடு, சிறு மரங்களின் கூட்டத்தால் குறிக்கப்பெற்றது. அங்கும் மரங்களின் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

ஊர்களைக் குறிக்கும் முறை நுட்பமானது. சிற்றூருக்குச் சிறு வட்டமும் தேவாலயக் கோபுரமும், பேரூருக்குப் பல கட்டடங்களின் தொகுதியும் வழங்கின. ஊரின் சரியான இடம் வட்டமே. கோபுரம் அதன் தகுதியை உணர்த்தும் அடையாளம். தொலைவை அளப்போர் வட்டத்தின் நடுவினின்று அளத்தல் வேண்டும். கோபுரத்தினின்று அளந்தால் பிழை நேரும்.

வேலியால் சூழப்பெற்ற வட்டம் மான் வளர்க்கும் பூங்காவைச் சுட்டும். இஃது உயர்குடியினரின் உடைமை. உழவர் நிலங்கள் யாதொரு குறியும் இன்றி வெற்றிடமாய் விடப்பட்டிருக்க, பூங்காக்கள் மட்டும் வேலியுடன் தோன்றுவது, படம் எவர் கண்ணால் காணப்பெற்றது என்பதைப் புலப்படுத்தும். பதினெட்டாம் நூற்றாண்டில் முன்பணம் செலுத்தியோரின் துணையால் படங்கள் வெளிவந்தபோது, அவர்தம் மாளிகைகளும் பெயர்களும் படத்தில் ஏறின. ஒரு மாளிகை படத்தில் இல்லையெனின் அது கட்டப்பெறவில்லை என்று கொள்ளலாகாது; உரியவர் பணம் செலுத்தாமலும் இருந்திருக்கலாம்.

உட்பிரிவுகளின் பெயர்கள் சொல்லாராய்ச்சியாளர்க்கு விருந்தாவன. பெரும்பாலான கவுண்டிகளின் உட்பிரிவு ‘நூறு’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கிற்று. நார்வே, டென்மார்க்கு மக்கள் குடியேறிய வட, நடுப் பகுதிகளில் அது ‘வேப்பன்டேக்’ எனப்பட்டது. இது படைக்கலம் எடுத்தலைக் குறிக்கும் பழைய நோர்சு மொழிச் சொல்லடியாகப் பிறந்தது. கென்டில் ‘லேத்’, சசெக்சில் ‘ரேப்’, யார்க்‌ஷயரில் மூன்றில் ஒரு பங்கு எனப் பொருள்படும் ‘ரைடிங்’ எனப் பெயர்கள் வேறுபட்டன. புள்ளிக் கோட்டால் வரையப்பெற்ற ஓர் எல்லையும் அதன் பெயரும் குடியேற்ற வரலாற்றையே தம்முள் அடக்கியுள்ளன.

பிற்காலப் படங்களில் ஊர்ப்பெயரின் அருகே விண்மீன் குறிகள் காணப்பெறும். அவை அவ்வூர் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய உறுப்பினர் தொகையைக் காட்டுவன. இதனை மக்கள்தொகையின் அளவாகக் கொள்ளுதல் தவறு. குடிமக்கள் நீங்கிப் பாழ்மேடாய்க் கிடந்த பழைய சேரம் என்னும் இடம், 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இருவரை அனுப்பிவந்தது.

சாலையும் மைலும் நேரமும்

சாக்ஸ்டன் படங்களில் ஆறுகளும் அவற்றின்மேல் பாலங்களும் உள, சாலைகள் இல்லை. சாலையின்றிப் பாலம் இராது. ஆகவே படத்தில் இன்மை நிலத்தில் இன்மையாகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஜான் ஓகில்பி 1675இல் சாலைகளை மட்டும் 100 தகடுகளில் நீண்ட பட்டைகளாக வெளியிட்ட பின்னரே, கவுண்டிப் படங்களில் சாலைகள் பொதுவழக்காயின.

மைலின் அளவும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. 1593ஆம் ஆண்டுச் சட்டம் 1,760 கெசம் கொண்ட மைலை வரையறுத்தது. எனினும் வட்டாரந்தோறும் அதனின் நீண்ட மைல்கள் வழக்கில் நிலைத்தன. ராபர்ட் மார்டன் 1695இல் வெளியிட்ட படங்களில் பெருமைல், இடைமைல், சிறுமைல் என மூன்று அளவுகோல்கள் ஒருங்கே தரப்பெற்றமைக்கு இதுவே காரணம். அப்படங்களின் ஓரத்தில் நெடுங்கோடு லண்டனை முதலாகக் கொண்டு பாகையாலும், மற்றோர் ஓரத்தில் நேர நிமிடங்களாலும் குறிக்கப்பெற்றுள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. லண்டனுக்கு ஒரு பாகை மேற்கிலுள்ள ஊரில் உச்சிப்பொழுது நான்கு நிமிடம் பிந்தும். ஊர்தோறும் தனி நேரம் வழங்கிய காலத்தின் சின்னம் அது. கிரீன்விச் நேரம் பிரிட்டன் முழுவதற்கும் சட்டமானது 1880இலும், கிரீன்விச் நெடுங்கோடு உலகப் பொதுவாக ஏற்கப்பெற்றது 1884இலும் ஆகும்.

தகட்டின் வாழ்வும் பாட வேறுபாடும்

இப்படங்கள் செப்புத்தகட்டில் இடவலமாக மாற்றிச் செதுக்கி அச்சிடப்பெற்றவை. வண்ணம் பின்னர்க் கையால் தீட்டப்பெற்றது. செம்பு நெகிழ்வுடையது. பழைய வரியைப் பின்புறமிருந்து தட்டிச் சமன்செய்து புதுவரி பொறித்தல் கூடும். சாக்ஸ்டனின் தகடுகள் 1645இல் மீண்டும் அச்சேறியபோது எலிசபெத்தின் சின்னம் முதலாம் சார்லசின் சின்னமாக மாறிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில் பிலிப் லீ என்பார் அவற்றில் சாலைகளையும் சேர்த்தார். ஆகவே சாக்ஸ்டன் பெயர் தாங்கிய ஒரு படத்தில் சாலை காணப்பெறின், அதனைப் பதினாறாம் நூற்றாண்டுச் சாலை எனக் காட்டுதல் பெரும்பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் தலைப்பு மாறாமலே இருப்புப்பாதைகள் சேர்க்கப்பெற்றதும் இத்தகையதே.

படியெடுப்போர் பிழை எவ்வாறு வேரூன்றும் என்பதற்கு ஸ்பீடின் வில்ட்ஷயர் படம் சான்று தரும். வில்டனுக்கு அண்மையிலுள்ள வட பர்கோம் என்னும் சிற்றூரின் பெயர் ஐயத்திற்கு இடமாயிருந்தமையால், ‘ஆராய்க’ எனப் பொருள்படும் லத்தீன் சொல் மூலப்படியில் குறிக்கப்பெற்றது. செதுக்குநர் அதனையே ஊர்ப்பெயராகக் கருதி ‘குவேர்’ எனப் பொறித்துவிட்டார். பின்வந்த படவரைஞர் பலரும் நூறாண்டுக்கு மேலாக அவ்வூரை அப்பெயராலேயே வழங்கினர். ஏட்டின் ஓரக்குறிப்பு மூலத்துள் நுழைந்து பாடமாகிவிடுவதைச் சுவடி ஆராய்வோர் நன்கறிவர். பல படங்கள் ஒரு பெயரைக் கூறுவதால் அது மெய்யாகிவிடாது; அவை ஒரே மூலத்தினின்று கிளைத்தவை எனின் அவற்றின் சான்று ஒன்றே என்க.

முடிபு

கீழே நின்று ஊரறிந்தாரை வினவியும், கோபுரத்தேறி நோக்கியும் வரைந்த படக்கலை, முக்கோண அளவையால் மாற்றம் பெற்றது. அம்முறையில் உருவான அரசினர் அளவைத் துறையின் முதற்படம் 1801இல் கென்ட் கவுண்டிக்கு வெளிவந்தது. அதே முறையில் அடுத்த ஆண்டிலேயே சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்தமை நம் நாட்டு நில அளவை வரலாற்றில் குறிக்கத்தக்கது.

மேற்கூறியவற்றால் மூன்று நெறிகள் பெறப்படும். குறியீட்டின் பொருளை அவ்வப் படத்தின் விளக்கத்தாலும் அக்கால வழக்காலும் துணிதல் வேண்டும். படத்தில் இன்மையை, வரைந்தோர் எவற்றைக் காட்ட முனைந்தனர் என்பதை ஆராய்ந்த பின்னரே சான்றாகக் கொள்ளல் வேண்டும். தலைப்பிலுள்ள ஆண்டைக் கொண்டு அமையாது, தகட்டின் திருத்தங்களை ஒப்பிட்டு அச்சேறிய காலத்தைக் காணல் வேண்டும். இம்மூன்றும் பேணப்பெறின் பழைய நிலப்படம் நம்பத்தகுந்த சான்றாகும். பேணப்பெறாவிடின் ‘ஆராய்க’ என்ற குறிப்பையே ஊராக்கிய செதுக்குநரின் பிழை ஆராய்ச்சியாளரின் பிழையாகவும் தொடரும்.