பொதுவுடைமையாகும் மென்பொருள்: கேரளத்தின் அனுபவம்

திருவனந்தபுரம் நகரின் வடபால், கொல்லம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் கழக்கூட்டம். ஒரு காலத்தில் சைனிக் பள்ளியாலும், அருகிலுள்ள காரியவட்டத்தின் பல்கலைக்கழக வளாகத்தாலும் அறியப்பட்டிருந்த இவ்வட்டாரத்தில், 1990-ஆம் ஆண்டு, நாட்டின் முதலாவது தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் நிறுவப்பட்டது. கெல்ட்ரான் நிறுவனத்தை வளர்த்தெடுத்த கே. பி. பி. நம்பியாரின் சிந்தனையில் உருவானது இப்பூங்கா. பிற நாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தந்து அந்நியச் செலாவணி ஈட்டுவது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று. அவ்வாறு எழுதப்படும் நிரல்களில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்கே உரியது. எழுதியவரும் அதனை வெளியே கொண்டு செல்ல இயலாது.

இதே வளாகத்தில், 2011-ஆம் ஆண்டு, நேர்மாறான நோக்கமுடைய ஓர் அரசு அமைப்பும் தோன்றியது. கேரள அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையின் கீழ்த் தன்னாட்சி பெற்று இயங்கும் இவ்வமைப்பின் பெயர், கட்டற்ற, திறந்த மூல மென்பொருளுக்கான பன்னாட்டு மையம் என்பதாகும். ஐ.சி.ஃபாஸ் எனச் சுருக்கமாக வழங்கப்படும் இம்மையம், பின்னர் காரியவட்டம் விளையாட்டரங்க வளாகத்திற்கு இடம் பெயர்ந்தது. மலையாள மொழிக் கணிமை, அரசு அலுவலர் பயிற்சி, குறைந்த மின்னாற்றலில் நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பும் உணர்கருவி வலையமைப்பு எனப் பல பணிகளில் அது ஈடுபட்டு வருகிறது. எழுதியதைப் பூட்டி வைப்பதும் எழுதியதைத் திறந்து வைப்பதும் ஒரே மதிலுக்குள் நடைபெற்றது தற்செயல் அன்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கேரளத்தின் பள்ளிகளில் தொடங்கிவிட்ட ஒரு விவாதத்தின் விளைவு அது.

மூலநிரல் என்பது யாது?

நீரேற்றுப் பொறியொன்று பழுதுபட்டால் உழவர் அருகிலுள்ள இயந்திரப் பணியாளரை அழைக்கிறார். அவர் அதனைக் கழற்றிப் பார்த்துப் பழுது நீக்குகிறார். பொறியின் மேல்மூடி முத்திரையிடப்பட்டு, திறப்பதே சட்டவிரோதம் என்று விதிக்கப்பட்டிருந்தால், விற்ற நிறுவனம் ஆளனுப்பும் வரை பயிர் வாடவேண்டியதுதான். தனியுரிம மென்பொருளின் நிலை இதுவே. மனிதர் படித்தறியத்தக்க வடிவில் எழுதப்பட்ட மூலநிரல் விற்பவரிடமே தங்கிவிடுகிறது; வாங்குபவருக்குக் கிடைப்பது பொறி மட்டுமே படிக்கவல்ல வடிவம்.

இம்முறையை ஏற்க மறுத்த அமெரிக்க நிரலாளர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமம் 1989-இல் வெளியாயிற்று. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் இவற்றுடன் இணைந்து முழுமையான இயங்குதளமாக வளர்ந்தது. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998-இல்தான் வழக்கிற்கு வந்தது. அறநோக்கில் 'கட்டற்ற மென்பொருள்' என்றும், தொழில்நோக்கில் 'திறந்த மூல மென்பொருள்' என்றும் இரு பெயர்கள் இன்றும் நிலவுகின்றன. அரசாணைகள் இரண்டையும் சேர்த்தே எழுதிச் சச்சரவைத் தவிர்த்துக்கொள்கின்றன.

பள்ளிகளில் தொடங்கிய மாற்றம்

விண்வெளி அறிவியலாளர் யு. ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கேரள அரசு 2001-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், ஸ்டால்மன் கலந்துகொள்ள, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் உருவெடுத்தது. பள்ளித் திட்டத்தின் முதற் பாடங்களோ தனியுரிம மென்பொருளையே சார்ந்திருந்தன. பொதுப் பணத்தில் நடைபெறும் கல்வி, ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொருளை இயக்கும் பயிற்சியாகச் சுருங்கலாமா என்ற வினாவைக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் ஆசிரியர்களும் எழுப்பினர். சில ஆண்டுகள் இரு முறைகளும் அருகருகே நிலவின. 2006 ஆகஸ்டில் ஸ்டால்மன் அன்றைய முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தனைச் சந்தித்தார். 2007-இல் வெளியான மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கை கட்டற்ற மென்பொருளுக்கு முதன்மை அளித்தது. அதையொட்டிய ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடம் முழுவதும் குனு/லினக்ஸ் தளத்திற்கு மாறியது.

ஆணையிட்டவுடன் இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. ஒவ்வொரு மாவட்டத்திலும் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணிதம், அறிவியல், மொழி எனப் பிற பாடங்களைக் கற்பித்து வந்த அவர்கள் இயங்குதளத்தை நிறுவவும், பழுது நீக்கவும், பாடத்திற்கு ஏற்ற மென்பொருள்களைத் தெரிந்து சேர்க்கவும் கற்றுக்கொண்டனர். பொதுவில் கிடைத்த டெபியன், உபுண்டு ஆகிய தொகுப்புகளிலிருந்து கேரளப் பள்ளிகளுக்கெனத் தனிப்பதிப்பு ஒன்று உருவாக்கப்பட்டது. வடிவியலுக்கு ஒன்று, வரைபடப் பயிற்சிக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று எனப் பாடந்தோறும் மென்பொருள்கள் அதில் இடம்பெற்றன. கணிப்பொறிப் பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் சிறுபான்மை மொழிப் பள்ளிகளுக்காகத் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகின்றன. ஆதலால் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ் வழி மாணவரும் இம்மாற்றத்தில் பங்குபெற்றனர். இத்திட்டம் 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. 2018 தொடங்கி 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன.

சிக்கனக் கணக்கு

இம்முயற்சியால் மிச்சமான தொகை குறித்து ஒரு கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டு லட்சத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளில் கட்டற்ற மென்பொருளை நிறுவியதால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று 2019-இல் கைட் நிறுவனம் மதிப்பிட்டது. வகுத்துப் பார்த்தால் ஒரு கணிப்பொறிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வருகிறது. கணிப்பொறியின் விலையையே விஞ்சும் தொகை இது. பல்வேறு மென்பொருள்களின் உரிமக் கட்டணங்களையெல்லாம் சந்தை விலையில் கூட்டினால் இத்தொகை வரக்கூடும். ஆனால் எந்த அரசும் அவ்விலையைக் கொடுத்து அத்தனையையும் வாங்கியிருக்காது. பெரிய எண்ணிக்கையில் வாங்கும் அரசுகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் விற்பனையாளர்கள் பெருந்தள்ளுபடி வழங்குவது வழக்கம். எனவே மிச்சம் உண்மை, அளவு ஐயத்திற்குரியது எனக் கொள்ளலே பொருந்தும். பயிற்றுநர் ஊதியமும் பதிப்பு உருவாக்கச் செலவும் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை என்பதையும் அலுவலர்கள் மறத்தலாகாது. அச்செலவு மாநிலத்திற்குள்ளேயே திறமையாகத் தங்குகிறது என்பதுதான் வேறுபாடு.

கேரள மாநில மின்வாரியத்தின் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். தாழ்வழுத்த மின் நுகர்வோருக்கான கட்டணப் பட்டியல் தயாரிக்கும் 'ஒருமா' என்ற மென்பொருளை வாரியத்தின் ஊழியர்களே கட்டற்ற கருவிகளைக் கொண்டு உருவாக்கினர். மின்கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறுவன. ஒவ்வொரு திருத்தத்திற்கும் வெளியாரின் ஒப்பந்தத்தையும் நாளையும் எதிர்நோக்கும் அலுவலகத்திற்கும், தன் மூலநிரலைத் தானே திருத்தவல்ல அலுவலகத்திற்கும் உள்ள தொலைவு சிறிதன்று.

எழுத்துகளின் கதை

மொழித்துறையில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கோப்புக்கும் எளிதாகும் பொருட்டு 1971-இல் கேரள அரசு மலையாள எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ஏறத்தாழ 900 ஆக இருந்த அச்சு வடிவங்கள் 90 அளவிற்குக் குறைக்கப்பட்டன. தமிழகத்தில் 1978-இல் மேற்கொள்ளப்பட்ட சீர்திருத்தத்துடன் ஒப்பிட்டால் இது மிகப் பெரிய மாற்றமாகும். தமிழில் சில உயிர்மெய் வடிவங்களே மாறின. மலையாளத்தில் கூட்டெழுத்துகள் பெரும்பாலானவை பிரிந்தன.

கணிப்பொறி வந்த பின் தட்டச்சுப் பொறியின் கட்டுப்பாடு பொருளற்றதாயிற்று. ஆர். சித்ரஜகுமார், கே. எச். ஹுசைன் முதலியோர் அடங்கிய 'ரசனா' குழுவினர் 1999-இல் பழைய வடிவங்கள் அனைத்தையும் கொண்ட எழுத்துருவை உருவாக்கினர். பின்னாளில் அது பொது உரிமத்தில் வெளியிடப்பட்டது. 2002-இல் தொடங்கிய 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு ரசனா, மீரா ஆகிய எழுத்துருக்களைப் பேணி வளர்த்தது. மூலக்கோப்புகள் திறந்திருந்தமையால், ஒரு தலைமுறை வடிவமைத்ததை அடுத்த தலைமுறை எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் திருத்த முடிந்தது. மலையாளம் போன்ற மொழிக்கு எழுத்துரு உருவாக்குவது பெருநிறுவனங்களுக்கு இலாபமான தொழிலாகத் தோன்றாத காலத்தில் நிகழ்ந்த பணி இது என்பதும் நினைவுகூரத்தக்கது.

நாட்டுடைமையும் கட்டற்ற உள்ளடக்கமும்

எழுத்துருக்குப் பின் நூல். இதில் தமிழகத்தின் முன்னுதாரணம் கணிப்பொறியினும் பழமையானது. பாரதியாரின் படைப்புகளின் உரிமையை 1949-இல் சென்னை அரசு பெற்று, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. அதுமுதல் பல அறிஞர்களின் நூல்கள், வாரிசுகளுக்குத் தொகை வழங்கப்பட்டு, நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. எழுத்தாளர் குடும்பத்தைக் கைவிடாமல் நூலைப் பொதுவாக்கும் இவ்வழி, கட்டற்ற உள்ளடக்கம் பற்றிப் பேசுவோர் இன்னும் போதிய அளவு கவனிக்காத ஒன்றாகும்.

இவ்வாறு விடுதலை பெற்ற நூல்கள் அச்சில் கிடைத்தாலன்றிப் பயன்படாத நிலை நெடுங்காலம் நீடித்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரிலும் தமிழ் விக்கிப்பீடியா 2003-இலும் தோன்றின. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் சேர்ந்தன. படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக்கிப் பிழை திருத்தும் வேலை மிகுதி. செய்யும் கைகள் குறைவு.

நடுவணரசின் கொள்கைகள்

நடுவணரசு 2005-இல் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் கொண்டு கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை ஏற்படுத்தியது. இந்திய மொழிகளில் இயங்கவல்ல 'பாஸ்' இயங்குதளம் 2007-இல் வெளியாயிற்று. தமிழகத்தில் எல்காட் நிறுவனமும் அதையொட்டிய காலத்தில், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, லினக்ஸ் தளத்திற்கு மாறியது. ஆயினும் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளையும் ஒரே முகமாகத் தழுவிய இயக்கமாக அது வளரவில்லை.

2015-இல் வெளியான நடுவணரசின் கொள்கை, அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும், விலக்கினால் காரணம் எழுத வேண்டும் என்று கூறுகிறது. காரணம் எழுதுவது கடினமன்று என்பதை அலுவலகக் கோப்புகளில் பழகியோர் அறிவர்.

தரவுகளைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கேட்டால் தரவேண்டிய கடமையை விதித்தது. 2012-இன் தேசியத் தரவுப் பகிர்வு, அணுகுமுறைக் கொள்கை கேளாமலே தரும் முறையை நாடியது. அதே ஆண்டு அரசுத் தரவுகளுக்கான தேசியத் தளம் தொடங்கப்பட்டது. 2017-இல் அத்தரவுகளை எவரும் பயன்படுத்த வகைசெய்யும் உரிமமும் அறிவிக்கப்பட்டது. சட்டவடிவம் குறைவின்றி அமைந்தது. குறை வேறிடத்தில் உள்ளது. அட்டவணையைத் தாளில் அச்சிட்டு, அதனைப் படமெடுத்து வெளியிட்டால் விதி நிறைவேறுகிறது. ஆனால் ஒரு மாணவர் அதனைக் கூட்டிக் கழிக்க வேண்டுமாயின் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

வெள்ளத்தின் போது

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தில் நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்புக் கோரிக்கைகளைத் திரட்டுவதற்காகப் பொறியியலாளர் அமைப்பொன்றின் தன்னார்வலர்களும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் இணைந்து 'கேரள ரெஸ்கியூ' என்ற தளத்தை விரைந்து உருவாக்கினர். அதன் மூலநிரல் தொடக்கத்திலேயே பொதுவில் வைக்கப்பட்டதால், நாட்டின் பல பகுதிகளிலும் அயல்நாடுகளிலும் இருந்த நிரலாளர்கள் அதனைத் திருத்தி வலுப்படுத்தினர். அவசர வேளையில், ஒப்பந்தப்புள்ளி கோரி இத்தகைய உழைப்பைப் பெற்றிருக்க முடியாது.

ஆனால் கோரிக்கை வந்த வீடு எங்குள்ளது என்று காட்டும் விரிவான நிலப்படம் பல ஊர்களுக்கு இல்லை. சிற்றாறும் ஒற்றையடிப் பாதையும் நிலப்படத்தில் ஏறாத இடத்தில் படகோட்டிகள் உள்ளூராரைக் கேட்டே செல்ல நேர்ந்தது. இக்குறையை நீக்க, 2019-இல் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கம் 'மேப்பத்தான் கேரளம்' என்னும் முயற்சியைத் தொடங்கி, எவரும் திருத்தவல்ல ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் மாநிலத்தின் சாலைகளையும் நீர்நிலைகளையும் கட்டடங்களையும் பொதுமக்களைக் கொண்டு குறிக்கச் செய்தது. மற்றொரு படிப்பினையும் உண்டு. உதவி கோருவோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வெள்ள நேரத்தில் பொதுவில் தெரிவது உயிர்காக்கும். வெள்ளம் வடிந்தபின் அவை மறைக்கப்பட வேண்டியவை. நிலப்படத்தைத் திறக்கும் அதே கை, மனிதரின் விவரத்தை மூடவும் பழக வேண்டியுள்ளது. 2023-இன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் அக்கடமையை அரசுத் துறைகளின் மீதும் சுமத்துகிறது.

பள்ளிகளுக்கான பதிப்பு இப்போது உபுண்டு 22.04 தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, 2024 முதல் வழங்கப்படுகிறது. மூலத் தொகுப்பின் வழக்கமான பராமரிப்புக் காலம் 2027 வரை மட்டுமே. அடுத்த பதிப்பிற்கான மென்பொருள்களைத் தெரிந்து, மலையாளத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் சோதித்து, இரண்டு லட்சம் பொறிகளில் நிறுவும் வேலை மீண்டும் அப்பயிற்றுநர்களையே சாரும். முதற் பதிப்பை உருவாக்கியவர்களில் பலர் பணி ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டனர்.