கடல் கடந்து மூன்று நாள்: ஓய்வூதியத் தம்பதியர் கொழும்பு செல்லுமுன்

விழிஞ்ஞத்தில் வாழும் ஓய்வூதியருக்குச் சென்னையைக் காட்டிலும் கொழும்பு அருகில் உள்ளது. சென்னைக்கு ரயிலில் ஓர் இரவு முழுவதும் செல்ல வேண்டும். கொழும்புக்கோ, திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் பன்னாட்டுத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்படும் முன்னர், இந்தியாவுக்குக் கப்பல் மாறி வரும் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி கொழும்பு போன்ற அயல்நாட்டுத் துறைகளிலேயே மாற்றப்பட்டது. பெட்டகங்கள் சென்றுவந்த அந்த ஊரை மனிதர்களும் ஒருமுறை பார்த்துவரலாமே என்னும் எண்ணம் இப்பகுதி மூத்தோரிடம் இப்போது எழுந்துவருகிறது. "வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம், திங்கட்கிழமை திரும்புகிறோம்" என்று புதன்கிழமை கிளைக்கு வந்து சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

திடீர்ப் பயணத்தில் தவறேதும் இல்லை. கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். இலங்கை அரசின் மின்னணுப் பயண அனுமதியை முன்னதாகவே இணையத்தில் பெற வேண்டும். இதற்கான கட்டணமும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், பயணம் உறுதியானதும் இலங்கை அரசின் அதிகாரபூர்வத் தளத்திலேயே சரிபார்த்தல் நலம். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் உலவுகின்றன. அட்டை எண்ணை அவற்றில் பதிந்துவிட்டுப் பிறகு எங்களிடம் வருவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்பதே முதல் கேள்வி. பலரும் உடனே வைப்புநிதியை முறிக்க எண்ணுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 2,00,000 ரூபாய் மூன்றாண்டு வைப்புநிதி, வட்டி 7 விழுக்காடு, 14 மாதம் கடந்துள்ளது. பயணத்துக்குத் தேவை 60,000 ரூபாய் மட்டுமே. முன்கூட்டி முறித்தால், பணம் இருந்த காலத்துக்குரிய வட்டியிலிருந்து தண்டமும் கழியும். அவ்வாறு கிடைப்பது 5.75 விழுக்காடு என்று கொண்டால், முழுத் தொகையின் மீதும் இழப்பு ஏறத்தாழ 2,900 ரூபாய். மாறாக, வைப்புநிதியின் மீது 8 விழுக்காட்டில் 60,000 ரூபாய் கடன் பெற்று மூன்று மாதத்தில் அடைத்தால் வட்டி 1,200 ரூபாய். அதே காலத்தில் அந்த 60,000 ரூபாய் வைப்பில் ஈட்டும் வட்டி 1,050 ரூபாய். ஆக, உண்மைச் செலவு 150 ரூபாய். விழுக்காடுகள் வங்கிக்கு வங்கி மாறும். கணக்கிடும் முறை மாறாது. ஆயினும் மூன்று மாத ஓய்வூதியத்திலிருந்து அடைக்க இயலாத தொகையைக் கடனாகப் பெற்றுச் சுற்றுலா செல்லுமாறு நான் எவருக்கும் கூறமாட்டேன்.

இனி, பணத்தை எவ்வடிவில் எடுத்துச் செல்வது? இலங்கைக்குச் செல்பவர் இந்திய ரூபாய்த் தாள்களாக 25,000 வரையும், அந்நியச் செலாவணித் தாள்களாக 3,000 அமெரிக்க டாலர் வரையும் உடன் கொண்டுசெல்லலாம். மூன்று நாள் நகர்ப் பயணத்துக்கு இதில் சிறுபகுதியே போதும். இலங்கை ரூபாய்த் தாள்கள் நம்மூரில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே டாலராகக் கொண்டுசென்று கட்டுநாயக்க விமான நிலையத்திலுள்ள வங்கி முகப்புகளில் மாற்றிக்கொள்வதே வழக்கம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கும் மேல் கிடைக்கும். விலைப்பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம். மனத்துள் வகுத்துப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ மூலமும் பணம் செலுத்த இயல்கிறது. செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்னரே இயக்கிவைக்க வேண்டும். பற்று அட்டைக்கும் கடன் அட்டைக்கும் இதுவே விதி. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு நெறிமுறைப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே கைப்பேசிச் செயலியிலோ கிளையிலோ இயக்கி, உச்சவரம்பையும் குறிக்க வேண்டும். கடையில் இயந்திரம் "இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா?" என்று வினவினால் இலங்கை ரூபாயையே தேர்ந்தெடுங்கள். இந்திய ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் பின்னுள்ள நிறுவனம் நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

வரி குறித்து ஒரு சொல். 2025 ஏப்ரல் 1 முதல், ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் அல்லது வாங்கும் செலாவணி 10 லட்சம் ரூபாயைக் கடக்கும்வரை, தாமே ஏற்பாடு செய்யும் பயணத்துக்கு மூலத்தில் வரி வசூல் இல்லை. முகவரிடம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினாலோ முதல் ரூபாயிலிருந்தே வரி வசூலிக்கப்படும். அது இழப்பன்று, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். வரி வரம்புக்குள் வராத ஓய்வூதியர் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. அத்தொகை அரசிடமே தங்கிவிடுகிறது. ஓராண்டில் வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சம் ரூபாயைக் கடந்தால், வருமானம் குறைவாயினும் கணக்குத் தாக்கல் செய்தல் கட்டாயம்.

இவை யாவும் எளிதில் தீர்பவை. எனக்குக் கவலை அளிப்பது வேறொன்று. சில மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் துணைவியாருடன் கிளைக்கு வந்தார். செலாவணி, அட்டை எல்லாம் அவர் பெயரில். கடவுச்சொற்கள் அவர் நினைவில். கைப்பேசி அவர் சட்டைப்பையில். படிவத்தில் அவர் கையொப்பமிடும்போது அம்மையார் மெல்லக் கேட்டார்: "சார், அங்கே இவருக்கு ஏதாவது ஆயிட்டா, ஆஸ்பத்திரியில கட்ட எங்கிட்ட என்ன இருக்கு?" கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்று எங்கள் முன் இருந்தது கூட்டுக் கணக்கு. ஆனால் அதன் இயக்க முறை 'முதலாமவர் அல்லது உயிருடனிருப்பவர்' என்பது. இம்முறையில் முதலாமவர் உள்ளவரை மற்றவர் ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. அவர் நினைவிழந்து கிடந்தாலும் இயலாது. 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடனிருப்பவர்' என்றிருந்தால் இருவருக்கும் தனித்தனி அட்டை வழங்கலாம். ஓய்வூதியக் கணக்கையும் துணைவருடன் இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். இருவரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றே போதும், அன்றே மாற்றினோம். பெயர் பொறித்த அட்டை வந்துசேரச் சில நாள் ஆகும் என்பதால், அம்மையார் பெயரில் முன்பணச் செலாவணி அட்டை ஒன்று பெற ஏற்பாடு செய்தோம். அதில் டாலரே ஏற்றப்படும். இலங்கையில் செலவிடும்போது மாற்றுக் கட்டணம் உண்டு. இச்சூழலில் அது ஏற்கத்தக்க செலவே. அவருடைய எண்ணிலும் ரோமிங் வசதியை இயக்கச் சொன்னேன். ஒருமுறைக் கடவுச்சொல் வாராவிடில் அட்டை கையிலிருந்தும் பல இடங்களில் பயனில்லை.

இந்தியாவில் எடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் செல்லாது. 70 வயது நிறைந்தோருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இந்திய மருத்துவமனைகளுக்கே உரியது. ஆகவே தனியே பயணக் காப்பீடு வேண்டும். விண்ணப்பத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயச் சிகிச்சை ஆகியவற்றை மறையாது எழுதுங்கள். பழைய நோய்க்கு எந்த அளவு ஈடு உண்டு என்னும் பிரிவைப் படித்த பின்பே பணம் செலுத்துங்கள். இலங்கையில் 1990 என்னும் எண்ணை அழைத்தால் இலவச அவசர ஊர்தி வரும். இந்திய நிதியுதவியால் தொடங்கப்பட்ட சேவை அது. இந்தியத் தூதரகம் கொழும்பு காலி வீதியில் உள்ளது. இவ்விரண்டையும் காப்பீட்டு எண்ணோடு ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒவ்வொரு படி வைத்திருத்தல் வேண்டும். கைப்பேசியில் மட்டும் பதிந்தால் அது மின்னேற்றம் தீரும்போது தானும் மறைந்துவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் ஊர் சுற்றுவதில் தடையில்லை. தெருப் பலகைகளில் சிங்களத்தோடு தமிழும் இருப்பதால் வழி கேட்கும் தேவை குறைவு. மாலையில் காலிமுகத்திடலில் காற்று வாங்கலாம். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களையும் நகைக் கடைகளையும் காணலாம். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தின் வரலாறு கொச்சியிலிருந்து வந்த ஒரு குருவோடு மரபாகத் தொடர்புபடுத்தப்படுகிறது. விழிஞ்ஞத்து மீனவக் குடும்பங்களுக்கு அது அயல் இடமாகத் தோன்றாது. எனினும் ஒரே இடத்துக்கு மட்டும் நேரமுண்டு எனில் தேசிய அருங்காட்சியகத்தையே பரிந்துரைப்பேன். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பெயரோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு அங்கே உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் உள்ளன. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகிறது. அன்றைய கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை அக்கல்லின் முன் நின்று உணரலாம்.

திரும்பியபின் மிஞ்சிய டாலரை மேசை இழுப்பறையில் மறந்துவிடாதீர்கள். 2,000 டாலர் வரை தாளாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை ஊர் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். அட்டையில் எஞ்சிய தொகையையும் கிளையில் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பயன்பாட்டை அன்றே செயலியில் நிறுத்திவிடுங்கள்.