பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல சிவப்பு எழுத்தா? பயப்படறதுக்கும் பணம் கட்டறதுக்கும் முன்னாடி இதைப் படிங்க



ஜனவரி, பிப்ரவரி வந்தாலே ஆஃபீஸ்ல எச்ஆர் கிட்ட இருந்து மெயில் வரும்: "இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் சப்மிட் பண்ணுங்க." அப்பதான் பல பேருக்கு 80டி ஞாபகம் வரும். போன்ல ஒரு ஆஃபரைப் பாத்து, 70, 80 டெஸ்ட் இருக்கிற ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜை புக் பண்ணிடுவோம். காலையில வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போவாங்க. ராத்திரி வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்து விழும். திறந்தா நாலு இடத்துல சிவப்பு எழுத்து, பக்கத்துல மேலயும் கீழயும் அம்புக்குறி.

அதுக்கப்புறம் மக்கள் மூணு வகையாப் பிரியறாங்க. ஒரு குரூப், ராத்திரி ஒரு மணி வரைக்கும் கூகுள்ல தேடி, கல்லீரலே போச்சுன்னு முடிவு பண்ணி, அடுத்த நாள் இன்னொரு பெரிய பேக்கேஜுக்குப் பணம் கட்டும். இன்னொரு குரூப், "இந்த வயசுல என்ன வந்துடப் போகுது"ன்னு பிடிஎஃபை மூடிடும். மூணாவது குரூப்பை நினைச்சாதான் எனக்கு அதிகக் கவலை: ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது அந்த ரிப்போர்ட் இருந்ததையே மறைச்சுடுவாங்க.

நான் சிஏ, டாக்டர் இல்ல. உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்துன்னு சொல்றது டாக்டரோட வேலை. ஆனா எண்கள் நிறைஞ்ச ஒரு ரிப்போர்ட்டை எப்படிப் பதறாமப் படிக்கிறது, எதுக்கு செலவு பண்ணலாம், ஃபார்ம்ல என்ன எழுதணும், இதெல்லாம் எங்க ஏரியா. அதைத்தான் இங்க பேசப் போறோம்.

"நார்மல் ரேஞ்ச்"ங்கிற கோடு எப்படி வந்தது?

ரிப்போர்ட்ல வலது பக்கம் இருக்கிற ரேஞ்ச் பெரும்பாலும் இப்படித்தான் போடப்படுது: ஆரோக்கியமா இருக்கிற நிறைய பேரோட ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. வர்ற எண்கள்ல நடுவுல இருக்கிற 95 சதவீதத்தை "ரேஞ்ச்"னு வெச்சுக்குவாங்க. அப்போ மீதி 5 சதவீதம் பேர்? அவங்களும் ஆரோக்கியமானவங்கதான். ஆனா கோட்டுக்கு வெளியே நிக்கறாங்க.

இதை வெச்சு ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வொரு டெஸ்ட்லயும் நல்லா இருக்கிற ஒருத்தர் ரேஞ்சுக்குள்ள வர 95 சதவீத வாய்ப்பு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா, எல்லாமே ரேஞ்சுக்குள்ள வர வாய்ப்பு சுமார் 36 சதவீதம்தான். அதாவது 64 சதவீத வாய்ப்பு, குறைஞ்சது ஒரு சிவப்பு எழுத்தாவது வரும்! நிஜத்துல டெஸ்ட்டுகள் ஒண்ணோட ஒண்ணு தொடர்புள்ளதுங்கறதால கணக்கு அச்சு அசலா இப்படி வராது. ஆனா பாடம் அதேதான்: டெஸ்ட் எண்ணிக்கை கூடக் கூட, தற்செயலா வர்ற சிவப்பும் கூடும். 80 டெஸ்ட் எடுத்துட்டு ஒண்ணு கூட சிவப்பா இல்லைன்னாதான் ஆச்சரியம்.

இதுக்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கு. சுகர், கொலஸ்ட்ரால் மாதிரி டெஸ்ட்டுகள்ல கோடு இந்த 95 சதவீத முறையில போடப்படல. எந்த அளவுக்கு மேல போனா நோய், மாரடைப்பு மாதிரி ஆபத்து கூடுதுன்னு பாத்துப் போட்ட கோடு அது. அங்க "எங்க டீம்ல பாதிப் பேருக்கு இருக்கு, அப்போ நார்மல்தானே"ங்கிற லாஜிக் செல்லாது.

ஆடிட்டர் கண்ணால பாருங்க

ஆடிட்ல மெட்டீரியாலிட்டின்னு ஒரு விஷயம் உண்டு. கணக்குல 10 ரூபா வித்தியாசம் வந்தா நாங்க கம்பெனியை மூடச் சொல்ல மாட்டோம். அதே 10 ரூபா எல்லா மாசமும் ஒரே இடத்துல இடிச்சா, அங்கே போய் உக்காருவோம். ரிப்போர்ட்டுக்கும் அதே மூணு கேள்வி.

ஒண்ணு, எவ்வளவு தூரம் வெளியே? ஒரு ஆணுக்கு ஹீமோகுளோபின் 13க்குப் பதிலா 12.8 இருக்கறதும், 9 இருக்கறதும் ஒண்ணு இல்ல.

ரெண்டு, தனியாவா, கூட்டமாவா? ட்ரைகிளிசரைடு மட்டும் கொஞ்சம் ஏறினது ஒரு கதை. ட்ரைகிளிசரைடு ஏறி, நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல் இறங்கி, சுகரும் ஏறி, பேன்ட் சைஸும் ஏறியிருந்தா அது வேற கதை.

மூணு, போன வருஷம் என்ன? ஒரு வருஷ பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பாத்து யாரும் ஷேர் வாங்க மாட்டோம் இல்லையா? கிரியேட்டினின் ரேஞ்சுக்குள்ளயே இருந்தாலும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வந்தா, அது டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம். அங்கே சிவப்பு எழுத்தே இருக்காது!

ரத்தம் கொடுத்த நாளைக்கு முந்தின நாள் என்ன பண்ணீங்க?

முந்தின நாள் ஜிம்ல லெக் டே போட்டிருந்தா எஸ்ஜிஓடி ஏறியிருக்கலாம். கல்லீரல் டெஸ்ட் லிஸ்ட்ல இருந்தாலும் அது தசையில இருந்தும் வரும். கிரியேட்டின் பவுடர் எடுக்கறவங்களுக்கும், முந்தின நாள் நிறைய கறி சாப்பிட்டவங்களுக்கும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாக் காட்டலாம். ராத்திரி 11 மணிக்கு பரோட்டா சாப்பிட்டு காலை 6 மணிக்கு ரத்தம் கொடுத்தா ட்ரைகிளிசரைடு சும்மா இருக்காது. முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை எடுத்தா சில லேப் முறைகள்ல தைராய்டு ரிசல்ட்டே தப்பா வரும். சமீபத்துல காய்ச்சல் வந்திருந்தா வெள்ளை அணுக்கள், சிஆர்பி எல்லாம் ஏறி இறங்கும்.

சாம்பிளும் காரணமா இருக்கலாம். வீட்டுல எடுத்த ரத்தம் லேபுக்குப் போக லேட்டானாலோ, எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைஞ்சாலோ, பொட்டாசியம் அதிகம்னு பொய்யாக் காட்டும். ட்யூப்புக்குள்ள பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா எண்ணிக்கை குறைவுன்னு மெஷின் சொல்லும். அதனால டாக்டர்கிட்ட போகும்போது ரிப்போர்ட்டோட சேர்த்து முந்தின ரெண்டு நாள் கதையையும், சாப்பிடற மாத்திரை, பவுடர் எல்லாத்தையும் சொல்லுங்க.

ஒரு உதாரணம்

28 வயசு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை, மாசம் 45,000 சம்பளம். இப்படி ஒருத்தரை வெச்சுக்குவோம். அவர் ரிப்போர்ட்ல பிலிருபின் 1.5, எஸ்ஜிஓடி 52, வெறும் வயித்து சுகர் 108, எச்பிஏ1சி 5.9.

அவரை பயமுறுத்தறது முதல் ரெண்டும்தான். மஞ்சள் காமாலையோன்னு தூக்கம் போயிடும். ஆனா மத்த கல்லீரல் டெஸ்ட் எல்லாம் சரியா இருந்து பிலிருபின் மட்டும் லேசா ஏறியிருந்தா, கில்பர்ட் சிண்ட்ரோம்னு ஒரு பரம்பரைத் தன்மை காரணமா இருக்கலாம். அது தொந்தரவு இல்லாதது. நீண்ட நேரம் பட்டினி இருந்தா பிலிருபின் இன்னும் ஏறும். எஸ்ஜிஓடிக்கு ஜிம் காரணமா இருக்கலாம். ரெண்டையும் டாக்டர் பாத்து உறுதி பண்ணணும், அவ்வளவுதான்.

அவர் கண்டுக்காம விடறது சுகரை. வெறும் வயித்து சுகர் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தா அது சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். 126, 6.5 தொட்டா சர்க்கரை நோய்க்கான அளவு. அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு ஒரே ஒரு எண்ணை வெச்சு முத்திரை குத்தாம, இன்னொரு ரிசல்ட்டாலயும் உறுதி செய்வாங்க. இவருக்கு ரெண்டு எண்ணுமே முந்தின கட்டத்துலதான் இருக்கு. நல்ல செய்தி என்னன்னா, சாப்பாடு, நடை, எடை, தூக்கம் இதையெல்லாம் சரி பண்ணி இந்தக் கட்டத்துல இருந்து பலரால திரும்ப முடியுது. 28 வயசுல தெரிஞ்சது லாபம்தான்.

இதே மாதிரி தள்ளிப் போடக் கூடாதது இன்னும் சில இருக்கு: எல்டிஎல் 190க்கு மேல, ட்ரைகிளிசரைடு 500க்கு மேல, இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழ, ஹீமோகுளோபின் ரொம்பக் குறைவு. லேப்ல இருந்து "கிரிட்டிக்கல் வேல்யூ"ன்னு போன் வந்தா அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இருந்தா ரிப்போர்ட்டுக்கே காத்திருக்காதீங்க.

செலவு பண்றதுக்கு முன்னாடி

முதல்ல ஒரு பொது மருத்துவரைப் பாருங்க. பிலிருபினுக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், சுகருக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட்னு நீங்களே பிரிச்சு ஓடாதீங்க. மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னா, சந்தேகமான அந்த ஒண்ணு ரெண்டை மட்டும் எடுங்க. முழு பேக்கேஜ் வேண்டாம். திரும்ப 80 டெஸ்ட் எடுத்தா வேற நாலு சிவப்பு வரும். முடிஞ்சா அதே லேப், அதே மாதிரி வெறும் வயிறு. அப்பதான் ஒப்பிட முடியும். லேபுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கான்னும் பாருங்க. சுகர், பிரஷர் மட்டும்னா உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமாப் பாத்துக்கலாம்.

"கேன்சர் மார்க்கர்" சேர்த்த பேக்கேஜை எந்த அறிகுறியும் இல்லாம நீங்களா வாங்காதீங்க. சிஏ-125 மாதிரி டெஸ்ட்டுகள் மாதவிடாய் சமயத்துலயும், கேன்சர் அல்லாத வேற காரணங்களாலயும் ஏறும். காசு கொடுத்து பயத்தை வாங்கின கதையாயிடும்.

இப்போ 80டி. தடுப்புப் பரிசோதனைக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய். நீங்க, துணை, குழந்தைகள், பெற்றோர் எல்லாருக்கும் சேர்த்தே 5,000தான். அதுவும் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கான 25,000 வரம்புக்குள்ளதான் வரும், மேல இல்ல. பணமாக் கட்டினாலும் செல்லும். ஆனா பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான்.

நம்ம உதாரண நண்பருக்கு வருஷ சம்பளம் 5,40,000. பழைய முறையில 50,000 ஸ்டாண்டர்டு டிடக்ஷன் போனா 4,90,000. 87ஏ ரிபேட்ல வரி பூஜ்யம். புது முறையிலயும் பூஜ்யம். அப்போ 5,000க்கு செக்கப் பண்ணா அவர் மிச்சம் பிடிக்கிற வரி? பூஜ்யம்! பழைய முறையில 20 சதவீத ஸ்லாப்ல இருக்கறவங்களுக்கே செஸ் சேர்த்து 1,040 ரூபாய்தான். அதனால டெஸ்ட்டை உடம்புக்காக எடுங்க, வரிக்காக எடுக்காதீங்க.

இன்ஷூரன்ஸ் ஃபார்ம்: இங்கதான் லட்சங்கள் இருக்கு

ஹெல்த் பாலிசி எடுக்கும்போது ப்ரொபோசல் ஃபார்ம்ல கேள்விகள் வரும்: ஏதாவது நோய் இருக்கா, சிகிச்சை எடுக்கறீங்களா, சில ஃபார்ம்கள்ல டெஸ்ட் ரிசல்ட் ஏதாவது வழக்கத்துக்கு மாறா வந்திருக்கான்னு நேரடியாவே இருக்கும். "எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க சார், சீக்கிரம் பாஸ் ஆயிடும்"னு யாராவது சொன்னா, கையெழுத்து உங்களோடதுங்கிறதை மறக்காதீங்க.

விதி என்ன சொல்லுது? ஐஆர்டிஏஐயோட 2024 விதிகள்படி, பாலிசிக்கு முந்தைய 36 மாசத்துல டாக்டர் கண்டறிஞ்ச நோய், அல்லது மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய், ஏற்கெனவே இருக்கும் நோய். அதுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாசம். பாலிசி தொடர்ச்சியா 60 மாசம் ஓடிட்டா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய, தகவலை மறைச்சதைக் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. அதுக்கு முன்னாடி மறைச்சது தெரிஞ்சா? க்ளெய்ம் போகலாம், பாலிசியே ரத்தாகலாம்.

நம்ம நண்பர் உண்மையைச் சொன்னா என்ன நடக்கும்? சாதாரணமாவே ஏத்துக்கலாம், பிரீமியம் கூட்டலாம், காத்திருப்பு போடலாம், ஒரு கம்பெனி மறுக்கவும் செய்யலாம். அப்போ வேற கம்பெனியைப் பாக்கணும். உதாரணத்துக்கு 10,000 பிரீமியத்துல 20 சதவீதம் கூட்டினாங்கன்னு வெச்சுக்கோங்க, வருஷம் 2,000 கூட. இன்னொரு பக்கம், மறைச்சு வெச்சு ரெண்டாவது வருஷம் 4 லட்சம் ஆஸ்பத்திரி பில் வந்து க்ளெய்ம் மறுக்கப்பட்டா? அந்த 4 லட்சம் 200 வருஷத்துக்கான கூடுதல் பிரீமியம்! 28 வயசுல உண்மையைச் சொல்லி எடுத்தா, 31 வயசுல காத்திருப்பே முடிஞ்சுடும்.

ஒரு சிவப்பு எழுத்து மட்டுமே நோய் ஆகாது. அதனால முதல்ல டாக்டரைப் பாருங்க, அவர் எழுதின குறிப்பு, மறு டெஸ்ட் ரிப்போர்ட் ரெண்டையும் முதல் ரிப்போர்ட்டோட சேர்த்துக் கொடுங்க. பாலிசி கைக்கு வந்ததும் ப்ரொபோசல் ஃபார்ம் காப்பியைப் படிச்சுப் பாருங்க. நீங்க சொன்னது தப்பாப் பதிவாகியிருந்தா உடனே எழுத்துல திருத்தச் சொல்லுங்க. பாலிசியே பிடிக்கலைன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். "கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு விட்டுடாதீங்க. வேலை போனா அதுவும் போயிடும்.

இந்த வாரமே ஒரு வேலை

ஒரு எக்ஸெல் ஷீட் திறங்க. வரிசையில டெஸ்ட் பேரு, மேல வருஷம். கையில இருக்கிற எல்லா ரிப்போர்ட்ல இருந்தும் சுகர், எச்பிஏ1சி, எல்டிஎல், ட்ரைகிளிசரைடு, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், டிஎஸ்ஹெச் ஏழையும் போடுங்க. கடைசி கட்டத்துல லேப் பேரு, சாப்பிட்ட மாத்திரை. அரை மணி நேர வேலை. மியூச்சுவல் ஃபண்ட் என்ஏவியை தினமும் பாக்கிற நாம, இதை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கலாம். அப்பா அம்மாவோட ரிப்போர்ட்டுக்கும் பக்கத்துலயே ஒரு ஷீட் போட்டு வெச்சுடுங்க.