இரவு 11 மணி எஸ்.டி.டி.

1997-ல் எங்கள் கீழச்சிவல்பட்டி வீட்டுக்கு மோடம் வந்தபோது, முதல் கவலை ஒயரைப் பற்றித்தான். டெலிபோன் முகப்பில், கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டில். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்க மனம் வரவில்லை. தேக்கு நிலைகளின் ஓரமாகவே ஒட்டி, வளவு முற்றத்தைச் சுற்றிக் கொண்டுபோனேன்.

சென்னையில் தம்பிக்குப் பேப்பர் கடை. கணக்கு எழுதுவது இங்கே நான். கணக்கைப் பிளாப்பியில் போட்டுக் கூரியரில் அனுப்பினால் போய்ச்சேர இரண்டு நாள். மத்திய அரசின் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-லேயே இன்டர்நெட்டைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து அதைப் பிடிக்கவும் எஸ்.டி.டி. என்ற வெளியூர் அழைப்பு போட வேண்டும். அந்த எஸ்.டி.டி.யை நேரே தம்பியின் கம்ப்யூட்டருக்கே போட்டால் என்ன?

டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காக அமைத்தது. சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் அது கடத்தும். கம்ப்யூட்டரின் ஒன்றையும் சுழியத்தையும் மோடம் அந்த அளவுக்குள் ஒலியாக்கி அனுப்பும். எதிர்முனை மோடம் அதைக் கேட்டு மறுபடி எண்ணாக்கும். இணைப்பின்போது கேட்கும் கீச்சொலியில் ஒரு ஒழுங்கு உண்டு. அழைப்பை எடுக்கும் மோடம் முதலில் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாகக் கூவும். பிறகு இரண்டும் லைன் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் பிடிக்கும்.

மோடத்தைக் கம்ப்யூட்டரின் காம் போர்ட்டில் செருகி, விண்டோஸ் 95-ல் இருந்த ஹைப்பர்டெர்மினல் புரோகிராமைத் திறந்தேன். ஏடிடிடி என்ற டயல் கட்டளையை அடித்து, பக்கத்திலேயே தம்பியின் நம்பர். மோடமோ ‘நோ டயல்டோன்’ என்றது. ரிசீவரை எடுத்தால் டயல்டோன் நன்றாகக் கேட்கிறது! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது: வெளிநாட்டு டயல்டோனுக்குப் பழகிய மோடம் அது, நம் டயல்டோனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஏடிஎக்ஸ்3 என்று அடித்தால் டயல்டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றிவிடும். தம்பி தன் பக்கத்தில் ஏடிஎஸ்0=1 கொடுத்து வைத்தான்; முதல் மணியிலேயே அவன் மோடம் எடுத்துக்கொள்ளும்.

அப்போது இரவு 11-க்கு மேல் எஸ்.டி.டி. கட்டணம் கால்வாசி. அதுதான் எங்கள் நேரம். மோடம் நொடிக்கு 33,600 பிட் வேகத்துக்கானது. எங்களுக்குக் கிடைத்தது 14,400. ஐந்நூறு கேபி கணக்கு போய்ச்சேர ஐந்து நிமிடம். இன்றைய செல்போன் படம் ஒன்று, மூன்று எம்பி என்றால், அரை மணி நேரம் பிடித்திருக்கும். இசட்மோடம் முறையில் அனுப்பினால் லைன் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அறுந்ததும் உண்டு. ஒருநாள் ஆத்தா முகப்பில் ரிசீவரை எடுத்துவிட்டார்கள். “யாரு? ஒரே இரைச்சலா இருக்கே!”

கணக்குப் போனதும் இணைப்பை உடனே வெட்ட மாட்டோம். ஹைப்பர்டெர்மினலில் அடிப்பது மறுமுனைத் திரையில் எழுத்தெழுத்தாக விழும். நாம் அடிப்பது நமக்கும் தெரிய, லோக்கல் எக்கோவைப் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். ஆத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள்.

“மெட்ராசுல மழை பெஞ்சுச்சான்னு கேளு.”

கேட்டேன். பதில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. நான் வாசித்துச் சொல்லும்வரை ஆத்தா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.