பச்சை எல்லாம் மரகதமா?

தென்காசியை அடுத்துக் குத்துக்கல்வலசை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே கல்! அங்கிருந்து குற்றாலத்துக்குச் சில மைல்தான். சீஸனில் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு கடைவீதியில் நடக்கிறீர்கள். "அசல் மரகதம் அம்மா! இந்த மலையிலேயே எடுத்தது" என்று ஒருவர் பச்சைக் கல்லை நீட்டினால், கை தானாக மணிபர்ஸைத் தேடும், இல்லையா? சற்றுப் பொறுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் ஜில்லாவில் வைடூரியம் கிடைப்பது வாஸ்தவம். அதோடு ஒரு மரகதக் கதையையும் சேர்த்துக் கட்டிவிடுவது சுலபம்!

மரகதத்துக்குப் பச்சை நிறம் தருவது குரோமியமும் வனேடியமும். ஆனால் கிரைஸோபிரேஸ் என்றொரு கல் உண்டு. அதைப் பச்சையாக்குவது நிக்கல். நல்ல எவர்சில்வர் பாத்திரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு இருக்கிறதே, அதே நிக்கல்தான். 1950-ம் வருஷத்து ரூபாய் நாணயம் முழுக்க நிக்கல். காந்தம் அதை இழுக்கும். அதற்காகக் கல்லிடம் காந்தத்தைக் கொண்டு போகாதீர்கள். கல்லில் இருப்பது ஒரு துளி, அதுவும் உலோகமாக இல்லை.

போலந்து நாட்டு ஸைலீஷியாவிலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் இந்தக் கல் பேர் போனது. பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக் இதில் பொடி டப்பிகளே செய்ய வைத்தார். பொடி போடுகிறவர்களுக்கும் ரசனை உண்டு!

எப்படி அடையாளம் காண்பது? நல்ல மரகதம் ஊடுருவித் தெரியும். உள்ளே நார் போல வெடிப்புகள் இருக்கும். கிரைஸோபிரேஸோ மெழுகு பூசிய ஆப்பிள் தோல் மாதிரி. வெளிச்சம் மங்கலாகத்தான் ஊடுருவும். பூதக்கண்ணாடியில் குமிழிகள் தெரிந்தால் அது வெறும் கண்ணாடி. ஜேடா என்று சந்தேகமா? நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்துப் பாருங்கள். பத்துக் கிராம் கிரைஸோபிரேஸ் சுமார் 3.8 கிராம் எடை குறையும். ஜேடைட் 3 கிராம்தான் குறையும்.

சாயம் ஏற்றிய கல்தான் பெரிய தொல்லை. எடையிலும் கடினத்திலும் அது அசலேதான். ரத்தினப் பரிசோதகரிடம் செல்ஸீ வடிகண்ணாடி இருக்கும். குரோமியச் சாயம் ஏற்றிய கல் அதன் வழியே சிவப்பாகத் தோன்றும். நிக்கல் கல் பச்சையாகவே நிற்கும். விலை அதிகமென்றால் அவரிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகும் ஒரு எச்சரிக்கை. சூடு பட்டால் இந்தக் கல் வெளுத்துவிடும். வெகு நாள் வெயிலும் ஆகாது. மோதிரத்தைச் சரி செய்யக் கொடுக்கும்போது, "ஊதுகுழலை எடுக்குமுன் கல்லைக் கழற்றிவிடுங்கள்" என்று ஆசாரியிடம் அவசியம் சொல்லுங்கள். வெளுத்த கல்லை ஈரப் பஞ்சில் பொதிந்து வைத்தால், சில சமயம் நிறம் ஓரளவு திரும்புவதுண்டு.