குட்டை கியருக்கு ஒரு நெம்புகோல் கணக்கு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் வண்டியின் பின்புறம். கியர் போடும் கையோ முன்னால். இரண்டையும் இணைப்பது, தரையின் நடுவிலுள்ள சுரங்கத்துக்குள் ஓடும் நீளமான கம்பி. லிவரின் கீழ்முனை அந்தக் கம்பியின் குழியில் உட்கார்ந்து அதைத் தள்ளும், இழுக்கும், திருப்பும். குறை ஒன்றுதான்: கியர் மாற்றக் கை வெகுதூரம் போய்வர வேண்டும். அந்தத் தூரத்தைக் குறைக்கவே பலர் லிவரைக் கழற்றி வீட்டிலேயே வெட்டிப் பற்றவைக்கிறார்கள்.

லிவர் ஒரு நெம்புகோல். அது சுழலும் பந்துக்கு மேலே 30 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழ்முனை 2 செ.மீ. நகர, கை 12 செ.மீ. போக வேண்டும். பந்தின் இருக்கைக்கு அடியில் 2 செ.மீ. தடிமனுள்ள உலோகத் துண்டை வைத்து உயர்த்தி, கீழ்முனையையும் அதே 2 செ.மீ. நீட்டினால், மேலே 28, கீழே 7 ஆகும். இப்போது கை 8 செ.மீ. போனால் போதும். ஆனால் ஒன்றரை மடங்கு பலம் கொடுத்தாக வேண்டும். தூரத்தில் மிச்சமாவது விசையில் செலவாகிறது. கியர்பாக்ஸ் உள்ளே சின்க்ரோனைசர் வளையங்கள் உராய்ந்து வேகத்தைச் சமப்படுத்தும் நேரமும் இதனால் தானாகக் குறைந்துவிடாது. அவசரப்பட்டு அடித்துப் போட்டால் தேய்வது அந்த வளையங்கள்தான்.

வெட்டுவதற்கு முன் சுரங்கத்திலுள்ள புஷ்ஷையும், கியர்பாக்ஸ் பக்க இணைப்பின் புஷ்ஷையும் கட்டாயம் பார்க்க வேண்டும். லிவர் தொளதொளவென்று ஆடுவது பெரும்பாலும் அவை தேய்ந்ததால்தான். புஷ்ஷை மாற்றினாலே பலருக்கு வெட்டும் ஆசை போய்விடும் என்பது என் எண்ணம்.

அப்படியும் வெட்டுவதென்றால், எங்கே வெட்டுவது என்பதே முக்கியமான கேள்வி. வளைக்கும் விசை பந்தருகே உச்சத்தில் இருந்து, முனையை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். பந்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கும் ஒட்டில் அது உச்ச அளவில் ஏழில் இரண்டு பங்குதான். ஆகவே ஒட்டு முனைப் பக்கம் இருக்கட்டும். இரு கம்பிகளையும் தட்டையாக முட்டவைத்துச் சுற்றிலும் வெல்டிங் அடித்தால் வெளிவளையம் மட்டுமே பிடிக்கும், நடுப்பகுதி ஒட்டாமலே நிற்கும். முனைகளைக் கிரைண்டரில் சரிவாகச் சீவி, நடுவிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். முடிந்ததும் தண்ணீரில் முக்கக் கூடாது. திடீரெனக் குளிரும் எஃகு, அதிலுள்ள கார்பன் அளவைப் பொறுத்து, கடினமாகி நொறுங்கும் தன்மை பெறலாம். குரோம் பூச்சு இருந்தால் முன்பே முகமூடி போட்டுக்கொண்டு தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் மேல் வெல்டிங் செய்தால் எழும் புகை நச்சு. லிவரின் ஸ்பிரிங்கையும் கழற்றி வைக்க வேண்டும், சூடு பட்டால் அதன் விறைப்பு போய்விடும்.

இந்த வேலையை வண்டிக்குள் ஒருபோதும் செய்யக் கூடாது. பீட்டிலின் பெட்ரோல் குழாய் அதே சுரங்கத்துக்குள்தான் போகிறது.

லிவரைத் திரும்பப் பூட்டியதும், எஞ்சினை அணைத்தபடியே முதலில் சோதிக்க வேண்டியது ரிவர்ஸ். லிவரைக் கீழே அழுத்தி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுத்தால்தான் அது விழ வேண்டும். அழுத்தாமல் விழாதபடி தடுப்பது பந்துக்கு அடியிலிருக்கும் தடுப்புத் தகடு. உயரம் மாறியதும் தகடும் லிவரும் சரியாகச் சந்திக்காமல் போகலாம். பக்கத்திலேயே இரண்டாவது கியர். அப்படியானால் அதைப் போட நீளும் கை, ஓடும் வண்டியில் ரிவர்ஸுக்குப் போய்விடலாம். அழுத்தாமல் இழுக்கும்போது லிவர் ஒவ்வொரு முறையும் தகட்டில் தட்டி நிற்கும்வரை அதைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும்.