முத்திரை பிரிக்காத டெண்டர்

2024 நாடாளுமன்றத் தேர்தலில் நமது நீலகிரித் தொகுதியில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. முடிவு வெளியானதோ ஜூன் 4 அன்று. நாட்டில் ஏழு கட்டங்களாகத் தேர்தல் நடந்ததால், நமது வாக்குகள் 46 நாட்கள் பூட்டிய அறையில் காத்திருந்தன.

"முன்கூட்டியே எண்ணினால் என்ன?" என்று வணிக நண்பர்கள் கேட்கிறார்கள். டெண்டரில் ஒரு உறையை முன்னதாகப் பிரித்தால், விலை எழுதாதவர் கணக்கு மாறிவிடும் அல்லவா? 1980ல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாக்குப்பதிவு முடியுமுன்பே ரீகன் வெற்றி என்று தொலைக்காட்சி அறிவித்தது. கார்ட்டரும் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதன்பின் வரிசையில் நிற்பவருக்கு என்ன ஊக்கம் இருக்கும்? நமது சட்டப்படி, வாக்களித்து வந்தவர்களிடம் எடுத்த கணிப்பைக்கூட கடைசிக் கட்டம் முடியுமுன் வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. இது நியாயமே.

ஆனால் தேர்தல் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் முடிவு வரும்வரை நீடித்தன. அந்தக் காலத்தில் ஆவணமின்றி ரூ.50,000க்கு மேல் ரொக்கம் கொண்டு சென்றால் பறிமுதல்தான். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொள்முதலுக்கு இறங்கும் சிறு வியாபாரி என்ன செய்வார்?

முடிவைக் காப்பது சரி. கட்டங்களைக் குறைப்பதே அதற்கு வழி. தேர்தல் ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அதுவரை, வங்கியில் பணம் எடுத்த சீட்டும் சரக்கு பில்லும் பணப்பையிலேயே இருக்கட்டும்.